பல் தேய்த்துவிடுகிற வேலை

ஜெர்மனியில், காலை உணவு முடிந்ததும் முன்பின் தெரியாதவர்கள் என்னிடம் வாயைத் திறந்து காட்டுகிறார்கள். முதியோர் இல்லத்தில் கை வழங்காதவர்களுக்கு நான்தான் பல் தேய்த்துவிட வேண்டும். பிரஷ்ஷைச் சற்றே சாய்த்து, பல்லும் ஈறும் சேரும் விளிம்பில், அழுத்தாமல். வந்த புதிதில் மதியச் சாப்பாட்டின்போது ஒரு மூதாட்டி தட்டைத் தள்ளிவிட்டு, "ட்சான்ஃப்ளைஷ்... ப்ளூட்..." என்றார். ஃப்ளைஷ் என்றால் இறைச்சி, ப்ளூட் என்றால் இரத்தம் என்கிற அளவுக்குத்தான் அப்போது எனக்கு அந்த மொழி தெரியும். கறி வேகவில்லை போலும் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் கடைவாய் சிவந்திருந்தது. ஈறுக்கு இங்கே பெயர் ட்சான்ஃப்ளைஷ், அதாவது 'பல் இறைச்சி'. அந்த ஈறு என் கையில் சீக்கிரமே ஆறிவிட்டது.

காரைக்குடியில் இருக்கும் என் கணவரின் ஈறுதான் ஆறவில்லை. அவர் தச்சர். நாட்டரசன்கோட்டையில் ஒரு பழைய வீட்டுக்கு விட்டம் மாற்றும்போது சாரத்திலிருந்து விழுந்தார்; கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. அவர் மருந்துக்காகத்தான், படித்த நர்சிங்கை வைத்துக்கொண்டு நான் இங்கே வந்தேன். அவரை அவர் தம்பி முருகேசன் பார்த்துக்கொள்கிறார். போன விடுமுறையில் ஊருக்குப் போனால், என் கணவரின் தலையணையில் துரு நிறத்தில் கறை. மென்றால் வலிக்கிறதென்று கஞ்சியோடு நிறுத்தியிருந்தார். பல் டாக்டர் வீட்டுக்கே வந்து பல்லில் படிந்த காரையைச் சுரண்டிவிட்டு, "இப்போதைக்கு ஈறு வீக்கந்தான், எலும்பு கெடல. பழகின கை தினமும் தேச்சுவிட்டா ஆறிரும். விட்டீகன்னா பல்லெல்லாம் ஆட ஆரம்பிச்சிரும்" என்றார்.

பழகின கை என்னுடையது. மறுநாள் காலை பிரஷ்ஷோடு போய் உட்கார்ந்தேன். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

"அங்குட்டுக் கெழடுகளுக்குச் செய்யிறத எனக்கும் செய்ய வந்தியா? நான் ஒனக்கு டூட்டியா?"

"ஏங்க இப்புடிப் பேசுறீக? டூட்டின்னா முடிச்சிட்டு எந்திரிச்சுப் போயிருவேனே."

கெஞ்சினேன், அழுதேன். அன்று வாயைத் திறக்கவேயில்லை. அடுத்த நாள் தாடை வரை இரத்தம் வழிந்தபோது அவரே கூப்பிட்டார். "தேச்சுவிடு. ஆனா என்னயப் பாக்காத."

பல்லை மட்டும் பார்த்தேன். அவர் கண்ணிலிருந்து வழிந்து காதுக்குள் போன நீரை, பார்க்காதது போலவே துடைத்தேன்.

நாள் போகப் போக இரத்தம் நின்றது. வீக்கம் வற்றி, ஈறு நிறம் திரும்பியது. தோசையின் முறுகலைக் கேட்டு வாங்கிக் கடித்தார். முருகேசனுக்கும் சொல்லிக்கொடுத்தேன். "ரத்தத்தப் பாத்தா கை ஓடமாட்டேங்குது மதினி" என்றார். "ரத்தம் வர்ற எடத்தத்தான் தம்பி விடாமத் தேய்க்கணும்" என்றேன். தலையாட்டினார். விடுமுறை முடிந்துவிட்டது.

முருகேசனைக் குறை சொல்ல மாட்டேன். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அதிகாலை சவாரி வந்தால் பிரஷ் அன்றைக்குக் கிடையாது. நான் வேலையை விட்டு ஊருக்குப் போனால் மருந்து நின்றுவிடும். போகாவிட்டால் பல் போய்விடும். இதைச் சொல்லி அழக்கூட இங்கே ஆள் இல்லை.

இன்று இடைவேளையில் வீடியோவில் கூப்பிட்டேன். முருகேசன் போனை அண்ணன் முகத்துக்கு நேரே பிடித்தார். அவர் பல் தெரியாமல், "நல்லாத்தான் இருக்கு" என்றார். வற்புறுத்தியதும் திறந்தார். ஈறு மறுபடி உப்பி, பல்லிடுக்கெல்லாம் சிவப்பு.

"சரியாத் தெரியலங்க. இன்னும் கிட்டக்க வாங்க" என்று பதற்றத்தில் சொல்லிவிட்டேன்.

அவர் எப்படி வருவார்? நான்தான் போனை முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டேன். வெளியே அழைப்பு மணி அடித்தது. அடுத்த அறையில் யாரோ எனக்காக வாயைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள்.