சேத்துராணி ஊதிய சங்கு

தரை லேசாகத்தான் ஆடியது, ஆகவே சுனாமி வராது என்று உங்களுக்கு யார் சொன்னது?

எங்கள் துறைமுகத்தில் மேலிடமே சொன்னது. அன்று காலை மேசையில் டீ தளும்பியது, அவ்வளவுதான். உடனே செய்தி வந்துவிட்டது: சிறிய நிலநடுக்கம், ஆபத்தில்லை.

என் அண்ணி அங்கே கடலாழம் அளப்பவர். படகில் போய் அடித்தரையை வரைபடமாக்குவது அவர் வேலை. வீட்டிலும் கடற்சேற்றைப் பற்றியே பேசுவதால் அண்ணன் வைத்த பெயர் சேத்துராணி. அபாயச் சங்கின் விசை அண்ணியின் அறையில்தான் இருக்கிறது. ஆனால் மேலாளர் உத்தரவில்லாமல் அதைத் தொடக்கூடாது.

அன்று செய்தி வந்த சிறிது நேரத்தில், நீர்மட்டக் கோடு திரையில் சரிவதைப் பார்த்து அண்ணி மேலாளருக்குப் போன் செய்தார்.

"சார், தண்ணி உள்வாங்குது."

"சின்ன அதிர்வும்மா. பெருசா இருந்தாத்தானே அலை வரும்?"

"பெரிய நிலநடுக்கம்னா கடல்தரையே நீளத்துக்குத் தூக்கிக்கும் சார், அலை கடல் தாண்டியும் போகும். இது வேற. நம்ம துறைமுக வாசல்ல கடலுக்கடியில இருக்கிற சரிவு பூரா இளகின சேறு. அது சரிய சின்ன உலுக்கல் போதும், சரிஞ்சா அலை கிளம்பும். தூரம் போகப்போக அந்த அலை அடங்கிடும், ஆனா பக்கத்துல இருக்கிற நம்மள விடாது."

"மேல கேட்டுட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் தொடாதீங்க. வேலை போயிடும்."

அண்ணி தொட்டார்.

மீன் இறக்கும் கொட்டகையில் அண்ணனோடு வேலை செய்யும் கூட்டாளிகள் சிரித்தார்கள். "உன் சேத்துராணி நமக்குச் சங்கு ஊதிட்டாடா!"

"அவ குரல் குடுத்தா வீட்லயே நான் நிக்க மாட்டேன், இங்கயா நிப்பேன்? மேட்டுக்கு ஓடுங்கடா!"

கடைசி ஆள் மேடேறியபோது கொட்டகைக் கூரை தண்ணீரில் மிதந்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

பரிசாக வந்தது மெமோ: உத்தரவின்றிச் சங்கை இயக்கிய குற்றம்! விசாரணை நாளில் கொட்டகை ஆட்கள் மொத்தமாக வாசலை அடைத்து நின்றார்கள். வேலை தப்பியது. மெமோவை அண்ணன் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார், கல்யாணப் படத்துக்கும் மேலே. வருகிறவர்களிடம், "படிச்சுப் பாருங்க, என் பொண்டாட்டி செஞ்ச குத்தத்தை" என்கிறார்.

ஆனால் உத்தரவில்லாமல் சங்கைத் தொடக்கூடாது என்ற அந்த விதி இன்னும் சாகவில்லை. உங்கள் கரையில் சங்கு யாருடைய உத்தரவுக்காகக் காத்திருக்கிறது? நாளைக்கே போய்க் கேளுங்கள். பதில் வரும்வரை, கடல் உள்வாங்கினால் எந்தச் சங்குக்கும் காத்திராமல் மேடேறுங்கள். பக்கத்தில் நிற்பவரையும் இழுத்துக்கொண்டு ஓடுங்கள்.