கடல் எந்தக் கைப்பக்கம்

கட்டி வலிக்கவில்லை. அதனால்தான் பல மாதங்கள் அதைக் கவனிக்காமல் இருந்தேன். குளிக்கும்போது இடது மார்பின் ஓரத்தில், அக்குளுக்குக் கிட்ட, புளியங்கொட்டை அளவில் விரலில் தட்டுப்பட்டது. வலித்திருந்தால் உடனே போயிருப்பேன்.

வலிக்காத ஒன்று என் மார்பைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு உடம்பில் எது வலித்தாலும் நடுக்கம், வலிக்காவிட்டாலும் நடுக்கம். இந்த நோயைக் கண்டவர்களுக்கு இது விளங்கும்.

பயொப்சி (கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது), சத்திரசிகிச்சை, கீமோ (நரம்பு வழியாக ஏற்றும் மருந்து), கடைசியில் கதிர் சிகிச்சை. எல்லாவற்றிலும் எனக்கு மறக்காதது பஸ் பயணம்தான். கதிர் பட்டுத் தோல் வெந்திருந்த நாட்களில் கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போய்வர வேண்டியிருந்தது. அபாயாவுக்குள் துணி உரசும். நெரிசலில் யாருடைய முழங்கை படுமோ என்று பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நிற்பேன். சீற் கேட்க வெட்கம்.

சிகிச்சை முடிந்ததும் நடக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஓடாமல் தப்பிக்கத் தண்ணீர் கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டவள் நான். விடியலில் சுபஹ் தொழுதுவிட்டுக் கடற்கரைக்கு இறங்கினேன். அலை நனைத்த மண் இறுக்கமாக இருக்கும். அதில் தெற்கு நோக்கி நடப்பேன். முதலில் எங்கள் தெருவின் எல்லை வரை, பிறகு சாய்ந்தமருது, பிறகு நிந்தவூர். நடக்கும் நேரத்தில் மட்டும் பயம் கொஞ்சம் பின்தங்கி வந்தது.

பக்கத்து வளவில் இருக்கும் என் மூத்தவள், ராத்தாதான் இதை ஊருக்குப் பயன்படச் செய்தாள். பிடியரிசி எங்களுக்குப் புதிதல்ல. சோற்றுக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியைப் பள்ளிவாசலுக்கோ மத்ரஸாவுக்கோ தனியே போட்டு வைப்பது வழக்கம். ராத்தா வீடு வீடாகப் போய், தன் தங்கை நடக்கும் நாளெல்லாம் ஒரு பிடி போடும்படி கேட்டாள். எனக்கென்றால் வாய் வந்திருக்காது. சேரும் அரிசியை விற்று, கதிர் சிகிச்சைக்குப் போகும் பெண்களுக்கு வேன் பிடித்தோம். நிந்தவூரையும் தாண்டிப் பாலமுனை வரை ஒரே நடையில் போவதென்றும், அன்றைக்கு ஒவ்வொரு வீடும் பிடிக்குப் பதிலாக ஒரு கொத்து அரிசி அளந்து தருவதென்றும் பேச்சானது.

அப்போதுதான் இடுப்பு வலித்தது. இடது பக்கம். அதே பக்கம்.

இந்த நோய் திரும்பினால் எலும்புக்கும் போகலாம், ஆறாத வலி இருந்தால் வாருங்கள் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். தெரிந்துகொண்டே போகாமல் இருந்தேன். போனால் அதற்குப் பெயர் வைத்துவிடுவார்கள். நடையை நிறுத்தினால் பிடி நிற்கும். பிடி நின்றால் வேன் நிற்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

ஒருநாள் ராத்தா என் பக்கத்தில் தொழுதாள். சலாம் கொடுத்துத் திரும்பியவள் என் முகத்தையே பார்த்தாள்.

“எத்தின நாளா?”

“என்னது?”

“கையூண்டி எழும்புறது.”

மண்ணில் நடந்தால் இப்படித்தான் என்றேன்.

“அப்ப அதப் போய் டொக்டர்ட்டச் சொல்லன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “நான் நிண்டா பிடியும் நிண்டுரும், ராத்தா.”

அவள் தொழுகைப் பாயைச் சுருட்டினாள். “நீ நடக்காட்டி நாங்க சோறாக்காம இரிக்கப் போறமா? எழும்புகா, உடுப்ப மாத்து.”

போன் ஸ்கேன் (எலும்புக்குள் நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் படம்) எடுக்கச் சொன்னார்கள். எடுத்தபின் முடிவுக்குக் காத்திருந்த நாட்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஒரே ஒரு விஷயம் இருக்கிறது. கடையில் சீனி வாங்கும்போது பெரிய பக்கற்றில் வைத்த கையை எடுத்துச் சிறியதை வாங்கினேன். ஏன் என்று என் கணவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மறுநாள் பெரியதொன்றைக் கொண்டுவந்து அலுமாரியில் வைத்துவிட்டு வயலுக்குப் போனார்.

முடிவு சொல்லும் நாளில் ராத்தா என் கையை விடவில்லை. டொக்டர் படத்தை நேரமெடுத்துப் பார்த்தார். “இப்ப எலும்புல ஒண்டும் தெரியல்ல,” என்றார். பிறகு நான் எங்கே நடக்கிறேன் என்று விசாரித்தார். சொன்னேன்.

“போகக்குள்ள கடல் எந்தக் கைப்பக்கம்?”

“இடது கைப்பக்கம், டொக்டர்.”

“வரக்குள்ள?”

“வரக்குள்ள கடலே இல்ல. றோட்டால வாறன்.”

அவர் ஒரு ஃபைலைச் சரித்துப் பிடித்து, அதன்மேல் இரண்டு விரல்களை நிறுத்திக் காட்டினார். கரை கடலை நோக்கிச் சரிவாக இருக்கிறது. என் இடது கால் எப்போதும் பள்ளத்தில். இடுப்பு அந்தப் பக்கம் இழுபட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

ஏன் அதே வழியால் திரும்பி வருவதில்லை என்று கேட்டார். நான் தலையைக் குனிந்தேன். ராத்தாதான் சொன்னாள்: “வெயில் ஏறினா கரவல இழுக்க ஆம்புளயள் வந்துருவாங்க, டொக்டர். இவ வெக்கத்துல உள்ளால வாறா.”

“போற அளவுக்குக் கரையாலேயே திரும்பியும் வாங்க. வலி குறையாட்டி உடனே என்னட்ட வாங்க.”

ராத்தா வேனில் சிரித்துக்கொண்டே வந்தாள். நான் ‘இப்ப’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு வந்தேன். அந்தச் சொல்லுக்குள்தான் இன்றும் இருக்கிறேன். அடுத்த வருஷம், பிள்ளையின் கலியாணம் என்று முன்பு நீளமாக யோசிப்பேன். இப்போது என் காலம் ஒரு கிளினிக்கிலிருந்து அடுத்த கிளினிக் வரைதான். ஆனால் அதற்குள் வரும் காலைகள் எல்லாம் எனக்குத் தெரிந்தே வருகின்றன.

வலி ஓரளவு தணிந்ததும் மறுபடி இறங்கினேன். பாலமுனை இன்னும் மிச்சம். அன்று திரும்பும்போது முதல்முறையாகக் கடல் என் வலது கைப்பக்கம் வந்தது. வெயில் ஏறியிருந்தது. தூரத்தில் கரைவலைக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். கயிறு கடலிலிருந்து கரை வரைக்கும் விறைத்துக் கிடந்தது. மேலே ஏறி றோட்டுக்குப் போய்விடலாம் என்று கால் திரும்பியது.

வயதான ஒருவர் என்னைக் கண்டுவிட்டார். ஏதோ சொல்ல, இரண்டு பேர் கயிற்றை மிதித்துத் தாழ்த்தினார்கள்.

“கடந்து போங்க ராத்தா. கெதியா, வல நிக்காது,” என்றார் அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து.

“சும்மா போகாம ஒரு இழுவ இழுத்துட்டுப் போகச் சொல்லுங்க,” என்றது பின்னால் ஒரு குரல். சிரித்தார்கள். நானும் முகத்தை மறைக்காமல் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

இடது காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன். வலித்தது. சரிவினாலா, மற்றதினாலா என்று உடம்பைக் கேட்டேன். கயிறு காலடியில் அதிர்ந்துகொண்டிருந்தது. அவர்கள் காத்திருந்தார்கள்.

வலது காலையும் தூக்கி வைத்தேன்.