எட்டுறது யானைக்கு

போடிமெட்டுக்குச் சாமான்கள் கழுதை முதுகில் ஏறிய காலம். உடும்பஞ்சோலை ஏலக்காய்த் தோட்டத்தில், கூலிக்காரர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லயத்து வாசலில் ஒரு பலாமரம் நின்றது. அதற்காகவே யானை வரும்.

"ஓடைக்கரையில எல்லாருக்கும் பொதுவாப் பலாக்கொட்டை ஊனிருவோம். எட்டுறது யானைக்கு, எட்டாதது நமக்கு" என்றார் பக்கத்து வீட்டு அன்னம்மாக்கா.

"யானைக்குத் தோப்பு போடவாக்கா நான் மலையேறி வந்தேன்?" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் ஊன்றினேன்.

சில வருஷம் கழித்து அந்த மரங்கள் காய்த்ததும், யானை வீட்டுப் பக்கம் வராதிருக்க வாசல் மரத்தை வெட்டினோம். பச்சைப் பிள்ளையோடு நான் தனியாக இருந்த ஒரு மாலையில், யானை பழைய நினைப்பில் வாசலுக்கே வந்துவிட்டது. வெட்டிய அடிமரத்தைத் தும்பிக்கையால் தடவியது. பிறகு திரும்பி நடந்தது. சற்று நேரத்தில் ஓடைப் பக்கம் பழம் பிளக்கும் சத்தம் கேட்டது. பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால், எங்கள் பங்கு உச்சியில் அப்படியே இருந்தது. அந்தப் பழங்களின் கொட்டைகளைக் குழம்பில் போடாமல் ஓடைக்கரையிலேயே ஊன்றினேன், இந்த முறை முணுமுணுக்காமல்.