கடைசித் தெருவுக்கு முதல் தண்ணீர்

வால்வுக்காரர் இருபத்தாறு வருஷமாக ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர். தோளில் எப்போதும் ஆளுயர இரும்புச் சாவி இருக்கும். நாலு தெருவுக்கும் முறை உண்டு. தொட்டிக்குப் பக்கத்துத் தெருவுக்கு முதலில், அப்புறம் அடுத்தடுத்து. அவருடைய அக்கா வீடு நாலாவது தெருவில். அவள் முறை வரும்போது குழாயில் காற்றுதான் வரும். அத்தான் இறந்த அன்று, வந்தவர்களுக்குக் குடிக்கக்கூடத் தண்ணீர் இல்லாமல் அக்கா ஆளனுப்பினாள். "முறைன்னா முறைதான்" என்று சொல்லியனுப்பினார் இந்தச் சட்டப்புலி. அன்றோடு அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். ஏழு வருஷம் ஓடிவிட்டது. அவள் திட்டவாவது மாட்டாளா என்று ஏங்கியே மனுஷருக்குப் பாதி முடி கொட்டிவிட்டது. மீதியை அதிகாரிகள் பார்த்துக்கொண்டார்கள்.

போன மாதம் புதுக்குழாய் பதிக்கத் தோண்டியபோது பழங்காலக் கல்தொட்டி ஒன்று அகப்பட்டது. இரண்டாயிரம் வருஷம் இருக்கும் என்றார் பார்க்க வந்த தொல்லியல்காரம்மா. சுவரில் நாலு ஓட்டை, நாலும் வேறுவேறு உயரத்தில்.

"கட்டினவங்க அளவு தப்பிட்டாங்க போல," என்றார் அந்தம்மா.

வால்வுக்காரர் உள்ளே இறங்கி, எந்த ஓட்டையின் சுடுமண் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். அடியில் இருந்தது ஊர்க்கோடிக்குப் போனது. பக்கத்துத் தெருவுக்கு உள்ளது எல்லாவற்றுக்கும் மேலே.

"தப்பில்லம்மா. தண்ணி கொஞ்சமா இருந்தா கோடியில இருக்கறவங்களுக்குத்தான் மொதல்ல போகும். பக்கத்துல இருக்கறவன் தொட்டி நிறையற வரைக்கும் காத்துக் கிடக்கணும்."

எந்தப் புண்ணியவானுக்கோ எப்போதோ தோன்றியது, சாவியைக் கையில் வைத்திருந்த தனக்குத் தோன்றவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் யாரையும் கேட்காமல் முறையைத் தலைகீழாக மாற்றினார். முதல் தெருக்காரர்கள் புகார் எழுதினார்கள். எழுதட்டும். நாலாவது தெருவுக்குத் திறந்துவிட்டு, அக்கா வீட்டெதிரே வால்வுக்குழி ஓரமாகக் குந்தினார்.

அக்கா வாசல் குழாயில் குடம், அண்டா, வாளி என்று பிடித்தாள். டம்ளரைக்கூட விடவில்லை. இவர் பக்கம் திரும்பவே இல்லை. எல்லாம் நிரம்பியதும் கையை உதறினாள்.

"போதும்டா, மூடு. மத்த தெருவுக்கும் வேணும்ல."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வால்வுக்காரர் சாவியைத் திருகி மூடினார். அடுத்த தெரு காத்திருக்கிறது என்று தெரிந்தும், அந்தக் கதவு இன்னொரு தடவை திறக்காதா என்று பார்த்துக்கொண்டே நின்றார்.