கவுஸ் பாய் செய்த சைக்கிளும் என் இடது பூட்ஸும்

கவுஸ் பாய் போய்விட்டார்... காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னாள்.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. எண்பதுகளில் திருவண்ணாமலையில் ஆளுக்குத் தகுந்த மாதிரி சைக்கிள் செய்து கொடுத்தவர். குழாயை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, முழுக்கக் கையால் செய்கிற வண்டி.

எனக்கு இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் குட்டை. உயரமான பூட்ஸ் போட்டுத்தான் நடை. அந்தக் கால் ஊரார் கண்ணில் படக் கூடாது என்பதில் ரொம்ப உஷாராக இருப்பேன்.

அடி அண்ணாமலையில் பால்வாடி டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. பஸ்ஸை நம்பினால் பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கின பிறகுதான் போய்ச் சேர முடியும். சைக்கிள் இருந்தால்தான் வேலை.

ஆனால் வாடகை சைக்கிளில் கால் வழுக்கி விழுந்து பல்லை உடைத்துக்கொண்டவள் நான். அன்றிலிருந்து சைக்கிள் என்று வாயைத் திறந்தாலே அப்பா எரிந்து விழுவார்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்கூல் மைதானத்தில் கையால் செய்த சைக்கிள்களுக்குப் பத்து நாள் கண்காட்சி. பால் கேன் ஏற்றுகிற வண்டி, சாணை பிடிக்கிற வண்டி, ஏணி வைத்து ஏற வேண்டிய ஒரு வண்டி... செய்தவர்களே பக்கத்தில் நின்று, கல்யாண வீட்டுக்காரர்கள் போல "வாங்க வாங்க" என்றார்கள்.

கவுஸ் பாயும் அவர் கூட்டாளி ஏழுமலை அண்ணனும் ஓர் ஓரமாக நின்றிருந்தார்கள். "எனக்கு ஒண்ணு செய்ய முடியுமா பாய்?" என்று கேட்டேன்.

"ஏன் முடியாது? வீட்டுக்கு வாங்கம்மா, பாயம்மா அளவு எடுத்துக்கும். கடைசி நாள் இங்கியே ஓட்டிப் பாத்துடலாம்."

பக்கத்தில் நின்ற அப்பா சொன்னார்: "எல்லார் எதிர்லயும் ஒரு சுத்து விழாம வா, வேலைக்குப் போ. விழுந்தியானா ஆர்டரைத் திருப்பிக் குடுத்துடணும்."

சரி என்று சொல்லிவிட்டேன். ரோஷம்.

கடைசி நாள்... மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, நல்ல கூட்டம். வண்டிக்கு நடுவில் பார் இல்லை, புடவையோடு ஏறலாம். இடது பெடலில் இரும்புக் கட்டை வைத்து உயர்த்தியிருந்தார்கள். ஏழுமலை அண்ணன் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டார்.

ஏறி மிதித்தேன். இடது முழங்கால் ஹேண்டில்பாரில் போய் இடித்தது. இன்னொரு தடவை மிதித்தேன். அப்போதும் இடித்தது.

பாய் குனிந்து என் காலைப் பார்த்தார். முகம் செத்துப்போனது.

"கட்டை ஜாஸ்தி ஆயிடுச்சும்மா... அளவு எடுக்கறப்போ பூட்ஸ் போடலியா?"

"வீட்டுக்குள்ள எப்படி பாய் பூட்ஸோட வருவேன்? வாசல்லியே கழட்டிட்டேன்."

பாயம்மா வெறும் காலுக்கு அளவெடுத்து உள்ளே இருந்து குரல் கொடுத்திருக்கிறார், இவர் வெளியே நின்று குறித்திருக்கிறார். மூன்று பேருக்கும் பூட்ஸ் ஞாபகமே வரவில்லை. கட்டையைக் கம்மி பண்ண வேண்டுமென்றால் பட்டறைக்குப் போக வேண்டும்.

"பாத்தியா? வா வீட்டுக்கு" என்றார் அப்பா.

பூட்ஸைக் கழற்றினால் ஓட்டலாம். அது எனக்கும் தெரியும், பாய்க்கும் தெரியும். அவர் சொல்லவில்லை... நான் அசையவில்லை.

திடீரென்று பாய் போய், அறிவிப்பு செய்துகொண்டிருந்தவரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"எல்லாரும் கேளுங்க! இது பூஜை போட்ட வண்டி. இது ஓடி முடியற வரைக்கும் ஒருத்தரும் செருப்போட நிக்கக் கூடாது. கழட்டுங்க!"

ஏழுமலை அண்ணன் வாயைப் பிளந்தார். காலையிலிருந்து அவரே செருப்போடுதான் அந்த வண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஆனாலும் முதலில் கழற்றியது அவர்தான்.

எங்கள் ஊரில் பூஜை என்று சொன்னால் போதும். முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் கழற்றினார்கள். அப்பாவும். உச்சி வெயில்... சுடுமண்ணில் அத்தனை பேரும் காலை மாற்றி மாற்றி வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நான் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தேன்.

கால் கட்டையில் அச்சாகப் பொருந்தியது. திருப்பத்தில் வண்டி ஒரு ஆட்டம் ஆடியது... அப்பா கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். விழவில்லை.

வந்து நின்றதும் அப்பா கேட்டார்: "திங்கக்கெழம எத்தினி மணிக்குக் கெளம்பணும்?"

அந்தக் கட்டையைக் கடைசி வரை நான் வெட்ட விடவில்லை. பூட்ஸை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கிரிவலப் பாதையில் போவேன். வழியில் பாயைப் பார்த்தால் "என் தப்ப ஊரெல்லாம் காட்டினு போறீங்களேம்மா" என்பார்.

மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் முழுக்கச் செருப்புகள். அவர் பேரன் ஓடி வந்து, "பரவால்ல ஆன்ட்டி, நீங்க பூட்ஸோடயே வாங்க" என்றான்.

படியில் உட்கார்ந்து கழற்றினேன். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

போயிட்டு வாங்க பாய்...