துண்டின் எடை

எங்களுக்கு மேல்மாடியில் இருக்கும் அக்காவுக்குப் ‘படிக்கல்’ என்று பெயர் வைத்தது நான்தான். அவருக்கு அது தெரியும். கோபமில்லை. “தொழிலைத்தானே சொல்றீங்க தம்பி, போகட்டும்” என்று ஒரு தடவை சொன்னதோடு சரி.

தராசுகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. காய்கறிக்கடை, நகைக்கடை, மாவு ஆலை, மருத்துவமனை என்று ஒரு சின்ன வேனில் சுற்றுவார். எடை தெரிந்த இரும்புக் கற்களை வைத்துப் பார்த்து, தராசு உண்மை சொன்னால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார், பொய் சொன்னால் சிவப்பு. இந்த வேலையை எடுத்துச் செய்யும் கம்பெனி ஒன்றில் போன் எடுக்கத்தான் சேர்ந்திருக்கிறார். சரிபார்க்கிற ஆள் காலை உடைத்துக்கொண்டு படுத்த வாரம், போக ஆளில்லாமல் இவரை அனுப்பினார்கள். பதினாலு வருஷம் ஆகிறது. கற்பெட்டி தூக்கித் தூக்கி இடது தோள் சற்றுத் தாழ்ந்துவிட்டது. வேனில் விட்டால் ஈரம் ஏறித் துருப்பிடிக்கும், துரு ஏறினால் எடை மாறும் என்று தினமும் பெட்டியை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார். எங்கள் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. சாயங்காலம் ஆறு மணிக்குப் படியில் ‘தொம்’ என்று சத்தம் கேட்டால், அக்கா நடுவில் இறக்கிவைத்து மூச்சு வாங்குகிறார் என்று அர்த்தம்.

எங்களுக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதத்தில் நான் அவரிடம் போய் நின்றேன். காரணம் என் பயம்.

பிறந்தபோது மூன்று கிலோ நூறு. மூன்றாம் வாரம் கிளினிக்கில் எடை போட்டபோது மூன்று கிலோ இருநூற்றைம்பது. நர்ஸ் உதட்டைச் சுழித்தார். குழந்தை மார்பைப் பிடிக்கும் விதத்தைத் திருத்திக் காட்டினார், என் மனைவியின் தோளுக்கடியில் தலையணையை மாற்றி வைத்தார். பிறகு சொன்னார், பத்து நாள் கழித்து வாருங்கள், இருநூறு கிராமாவது ஏறியிருக்க வேண்டும், இல்லையென்றால் புட்டிப்பாலும் சேர்த்துக் கொடுப்பதைப் பற்றிப் பேசலாம் என்று. புட்டிப்பாலில் ஒரு குற்றமும் இல்லை என்று அவரே சொன்னார். ஆனால் மூன்று வாரம் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்து, அன்றுதான் குழந்தை சரியாகப் பிடிக்கப் பார்த்தவளுக்கு, அந்தப் பத்து நாள் பெரிய பரீட்சை ஆகிவிட்டது.

பரீட்சை அவளுக்கு. மார்க் போட்டது நான். எனக்கு இரண்டு மொழி படிக்கத் தெரியும். இரண்டிலும் தேடிப் படித்தேன், இரண்டிலும் பயம்தான் கிடைத்தது. பத்து நாள் பொறுக்க முடியாமல், ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்க வாங்கிவைத்த கொக்கித் தராசை எடுத்தேன். குழந்தையைத் துண்டில் தொட்டில் மாதிரிக் கட்டி, மெத்தைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தூக்குவேன். மனைவி இரண்டு கையையும் அடியில் ஏந்திக்கொண்டிருப்பாள். எண் நின்றதும் துண்டின் எடையைக் கழித்து நோட்டில் எழுதுவேன்.

முதல் நாள் கிளினிக் சொன்ன அதே எடை. நாலாம் நாள் சட்டென்று நூறு கிராம் இறங்கிவிட்டது. அப்புறம் மெல்ல மெல்ல ஏறி, ஒன்பதாம் நாள் காலை புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. ஒன்பது நாளில் ஒன்றுமே ஏறவில்லை.

“எவ்வளவு?” என்றாள்.

சொன்னேன்.

“இனிமே எங்கிட்ட சொல்லாதீங்க” என்றாள். “நான் கேட்டாலும் சொல்லாதீங்க.”

போனில் மாமியார் வேறு தினமும், “பால் பத்தலையோ என்னவோ” என்று இழுத்துக்கொண்டிருந்தார். அதை அவரால் ஆயிரம் மைல் தள்ளியிருந்து சொல்ல முடிந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமலே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் படியில் ‘தொம்’ கேட்டதும் கதவைத் திறந்தேன். மறுநாள் கிளினிக்.

“அக்கா, ஒரு தராசு பாக்கணும்.”

“எந்தக் கடை?”

“வீட்லதான்.”

பெட்டியோடு உள்ளே வந்தார். கொக்கித் தராசைப் பார்த்ததும் அவர் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது, என் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. கையுறை போட்டுக்கொண்டார். விரல் பிசுக்குகூட கல்லில் எடையாக ஏறுமாம். ஒரு துணிப்பையில், பையின் எடையும் சேர்ந்து மூன்றரைக் கிலோ வருகிற மாதிரி கற்களைப் போட்டு, மூன்று முறை தொங்கவிட்டார். இரண்டு முறை சரியாகக் காட்டியது. ஒரு முறை ஐம்பது கிராம் கூட.

“ஐம்பது ஐம்பதாத்தான் தாவுது. பெட்டிக்குப் போதும், பிள்ளைக்குப் போதாது. ஆனா ஒன்பது நாளை முழுங்குற அளவுக்கு மோசமில்லையே. எதுல வெச்சுத் தூக்குறீங்க?”

துண்டைக் கொடுத்தேன்.

“இது எவ்வளவு?”

“நானூறு கிராம்.”

அக்கா துண்டை உள்ளங்கையில் ஏந்தினார். ஒருமுறை மேலும் கீழும் அசைத்தார்.

“இதுவா நானூறு? சும்மா இருங்க தம்பி.”

பையிலிருந்து ஒரு சின்னத் தராசை எடுத்து மேஜையில் வைத்து, துண்டை மடித்து அதன்மேல் போட்டார். இருநூறு.

மனைவிதான் குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். “நானூறு அந்த நீலத் துண்டுங்க. கனமா இருக்குமே, அது. நாலாம் நாளு துவைக்கப் போட்டுட்டேன். இது வெள்ளை.”

வெள்ளைத் துண்டில் தூக்கிவிட்டு, நீலத் துண்டின் எடையையே ஆறு நாளாகக் கழித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“கணக்கை நீயே போடும்மா” என்று அக்கா நோட்டை அவளிடம் தள்ளினார். அவள் ஒரு கையால் போட்டாள். போட்டுவிட்டு மறுபடியும் போட்டாள். இருநூறு ஏறியிருந்தது.

“இதை வெச்சு ஆடாதீங்க ரெண்டு பேரும்” என்றார் அக்கா. “தராசு ஐம்பது முன்னபின்ன சொல்லும். குழந்தைக்கு என்னன்னு நாளைக்கு நர்ஸ் சொல்லட்டும். துண்டுக்கு என்னன்னு நான் சொல்லிட்டேன்.”

கிளம்பும்போது நின்றார். “என் பொண்ணு பிறந்தப்ப நானும் இப்படித்தான். ஆபீஸ் தராசுலயே போட்டுப் பாத்தேன். ஒரு கிராம்ல பத்துல ஒரு பங்கு வரைக்கும் காட்டும். அவ மூச்சு விட்டாலே நம்பர் ஆடுது, நிக்கவே மாட்டேங்குது. நான் அழ, முதலாளி வந்து பாத்துட்டு, ‘ஆடுற பொருளுக்கு இங்க ஸ்டிக்கர் கிடையாதும்மா, வீட்டுக்குக் கொண்டுபோ’ன்னுட்டார்.”

கொக்கித் தராசில் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் கிளினிக்கில் துண்டு கிடையாது, துணியும் கிடையாது. குழந்தை வெறும் உடம்போடு தராசில் கிடந்து காலை உதைத்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று கிலோ நானூற்று எழுபது. குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்கிறது என்று நர்ஸ் கேட்டு, மனைவி சொன்னதும் தலையாட்டினார். புட்டி வேண்டாம், இப்படியே போங்கள், அடுத்த மாதம் வாருங்கள் என்றார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

வெளியே வந்ததும் நான் மன்னிப்புக் கேட்டேன்.

“எதுக்கு?” என்றாள்.

“துண்டுக்கு.”

“துண்டுக்கு இல்ல. நோட்டுக்குக் கேளுங்க.”

நோட்டுக்கும் கேட்டேன். அன்று மத்தியானம் ஆபீஸ் போனேன். என் சட்டை முதுகில் சிவப்பு ஸ்டிக்கர் இருப்பதை நாலு மணிக்குத்தான் ஒருவர் சொன்னார். தராசிலிருந்து உரித்து எப்போது ஒட்டினாள் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வரும்வரை அதை எடுக்கவில்லை.

இப்போது ஆறு மணிக்கு ‘தொம்’ கேட்பதற்கு முன்பே நான் கீழே போய் நின்றுவிடுகிறேன். அக்கா முதலில் பெட்டியைத் தரமாட்டேன் என்றார், இப்போது கொடுத்துவிடுகிறார். இருபது கிலோ என்கிறார். என் கைக்கு முப்பது போலத்தான் தெரிகிறது. ஆனாலும் நான் எதிலும் போட்டுப் பார்க்கவில்லை.