நாலும் ஒரே அளவுதான்

கீழப்பாவூரில் அப்பா வழியில் எனக்கு வந்த வயலை விற்று ஒரு பழைய ஜெர்மன் கார் வாங்கினேன். சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிப்பது போல ஒவ்வொருவராக வந்து போனார்கள். நகை வாங்கியிருக்கலாம், தென்காசியில் ஒரு மனையாவது பிடித்துப் போட்டிருக்கலாம் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிற, ஐம்பதை நெருங்கிய பொம்பளைக்கு இத்தனை வேகமான வண்டி எதற்கு என்று என் கணவரிடமும் கேட்டுப் பார்த்தார்கள். அவர் மருந்துக்கடை வைத்திருப்பவர், பேச்சு குறைவு. அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு அவர்களுக்குக் காபி போடச் சமையலறைக்குள் போய்விட்டார்.

அந்தக் காரில் என்ஜின் பலம் முழுக்கப் பின்சக்கரங்களுக்குப் போகும். அதனால் கம்பெனியிலேயே பின்னால் அகலமான டயரும் முன்னால் ஒடுக்கமான டயரும் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வளைவில் வேகம் மிஞ்சினால் முன்பக்கம் முதலில் பிடியை விட்டு வண்டி நேராகப் போகப் பார்க்கும், ஓட்டுகிறவர் பயந்து காலை எடுப்பார், வண்டி அடங்கிவிடும். பின்பக்கம் முதலில் விட்டால் அப்படித் தப்பிக்க முடியாது. சாதாரண ஆட்களுக்கு இது நல்ல ஏற்பாடு. நான் என்னைச் சாதாரண ஆளாக நினைக்கவில்லை என்பதுதான் கோளாறு.

ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் சோம்பேறித்தனமாகத் திரும்புவது எனக்கு எரிச்சலாக இருந்தது. போதாததற்கு, முன்னும் பின்னும் அளவு வேறாக இருந்ததால் டயர்களை இடம் மாற்றிப் போட்டு ஒன்றுபோலத் தேய விடவும் வழியில்லை. பின்டயர்கள் மட்டும் சீக்கிரம் மொட்டையாகிவிடும். ஒரு வருடம் யோசித்துவிட்டு, நான்கும் ஒரே அகலத்தில் சக்கரங்களைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தேன். மாட்டிய அன்று இலஞ்சி ரோட்டில் முதல் வளைவில் திரும்பியபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நான் நினைக்கும் முன்பே வண்டி திரும்பியிருந்தது.

சாரல் காலத்தில் நானும் என் கணவரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பழைய குற்றாலத்துக்குக் குளிக்கப் போவோம். கூட்டம் சேருவதற்கு முன் போய்த் திரும்பிவிட வேண்டும். அவர் வீட்டிலேயே தலை முதல் கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் கிளம்புவார். சீட்டில் எண்ணெய் பட்டால் நான் சாமியாடுவேன் என்று தெரியும். ஆகவே தடிமனான பச்சைத் துண்டு ஒன்றை நான்காக மடித்து என் பக்கத்துச் சீட்டில் விரித்து, அதன்மேல் கையைக் காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் எவ்வளவு வேகமாகப் போனாலும் மலையைப் பார்த்துக்கொண்டு வருவார். அந்தச் சீட்டில் அவர் அப்படி உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். அதை நான் அவரிடம் சொன்னதில்லை.

போன வருடம் கோடை விடுமுறையில் சோம்பல்பட்டு டயர்களை இடம் மாற்றாமல் விட்டுவிட்டேன். பின்டயர் இரண்டும் நன்றாகத் தேய்ந்திருந்தன. அந்த நேரம் பார்த்து, திருநெல்வேலி ரோட்டில் வேலை நடந்த இடத்தில் ஒரு பள்ளத்தில் இறக்கிவிட்டேன். முன்டயர் ஒன்று கிழிந்தது, மற்றொன்று பக்கவாட்டில் புடைத்துக்கொண்டது. வழக்கமாகப் போகும் டயர்க்கடை அண்ணாச்சி எங்கெங்கோ விசாரித்தார். அந்த அளவில் உடனே கிடைத்தது இரண்டுதான், அடுத்த இரண்டு வர ஒரு மாதமாகும் என்றார்கள்.

"புதுசு ரெண்டையும் பின்னால மாட்டிருவோம், தங்கச்சி. தேஞ்சது முன்னால கெடக்கட்டும். சாரல் பிடிச்சாச்சு, பின்பக்கம் வழுக்குச்சுன்னா யாராலயும் பிடிக்க முடியாது" என்றார் அண்ணாச்சி.

எனக்கு அது பிடிக்கவில்லை. தேய்ந்த டயரை முன்னால் போட்டால் அந்தத் திருப்பம் போய்விடும், பிறகு இத்தனை செலவு எதற்கு?

"நாலும் ஒரே அளவுதான, அண்ணாச்சி? எங்கன மாட்டுனா என்ன?" என்றேன்.

உராய்வு பாடம் நடத்துகிற வாயால்தான் இதைச் சொன்னேன். அவர் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். நான் சொன்னபடி செய்யுங்கள் என்று கொஞ்சம் முகத்தைக் காட்டினேன். புது டயர்களை முன்னால் மாட்டிக் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய குற்றாலத்திலிருந்து திரும்பும்போது, ஆயிரப்பேரி ரோட்டு வளைவில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. அப்படி ஒன்றும் வேகமில்லை. முன்பக்கம் அழகாகத் திரும்பியது, பின்பக்கம் திரும்பவே இல்லை, அதுபாட்டுக்கு வெளியே போனது. வயலும் மலையும் கண்ணாடியில் ஒரு சுற்றுச் சுற்றின. வண்டி நின்றபோது நாங்கள் வந்த திசையைப் பார்த்துக்கொண்டு, வயல் வரப்புக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தோம். யாருக்கும் ஒன்றுமில்லை. அவர் கை மட்டும் துண்டின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டார்.

"டயர்க்கடையில மாத்தி மாட்டிட்டாங்க போல" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. பதற்றத்தில் வாயில் வந்துவிட்டது. ஆனால் திருத்திச் சொல்ல வீடு வரைக்கும் நேரம் இருந்தது, நான் சொல்லவில்லை.

மறுநாள் தன் மருந்துக்கடையைத் திறப்பதற்கு முன் அவர் நேராக டயர்க்கடைக்குப் போய்விட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் யாரிடமும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்கு வேலையாட்கள், நின்றிருந்த லாரிக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சத்தம் போட்டிருக்கிறார். அண்ணாச்சி ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லையாம், முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம். தப்பு கடைக்காரர் பேரில் இருப்பதால்தான் பேசாமல் நின்றார் என்று இவர் மத்தியானம் வந்து என்னிடம் சொன்னார். நான் ரசம் ஊற்றினேன். எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் காரில் ஏறவில்லை. கோபமில்லை, பயம். ஞாயிற்றுக்கிழமை எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, மேலே மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போனார். நான் பின்னாலேயே காரில் போனேன். இரண்டு பேர் இரண்டு வண்டியில் ஒரே அருவிக்குப் போவதைப் பார்த்து ஆயிரப்பேரி டீக்கடையில் சிரித்திருப்பார்கள். பக்கத்துச் சீட் துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து அண்ணாச்சி போன் செய்தார். மீதி இரண்டு டயரும் வந்துவிட்டன என்றார். வண்டியை எப்போது கொண்டு வரட்டும் என்று கேட்டேன்.

"எப்ப வேணும்னாலும் வாங்க. சாரையும் கூட்டிட்டு வாங்க. முன்னாலயா பின்னாலயான்னு அவரே சொல்லட்டும்" என்றார்.

குரலில் சூடு இல்லை. ஆனால் எனக்குப் புரிந்தது. டயர்களை மட்டும் வாங்கிக்கொண்டு திருநெல்வேலியில் மாட்டிக்கொள்ளலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வெட்கம் கெட்ட யோசனைதான். மூன்றாம் நாள் மத்தியானம், அவர் சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். அண்ணாச்சி பின்னால் மாட்டச் சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்றேன். அவர் மோர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"ஏட்டி, வண்டி சுத்துனதக்கூட விட்டுருதேன். அந்த மனுசன நாலு பேரு முன்னால பேசிட்டேனே. அத எங்க கொண்டு போட?"

சோற்றை மூடிவைத்துவிட்டு எழுந்தார். அவருடைய ஸ்கூட்டரில் இரண்டு பேரும் கடைக்குப் போனோம். அன்றைக்கு நின்ற வேலையாட்கள் இருந்தார்கள். அவர்கள் காதில் விழுகிற மாதிரி, முன்னால் மாட்டச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். பள்ளிக்கூடத்தில் முந்நூறு பேர் முன்னால் பேசுகிறவள் நான், அந்த ஒரு வரியை இரண்டு தடவை ஆரம்பிக்க வேண்டியிருந்தது. என் கணவர் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். மன்னிச்சிருங்க என்றார். அண்ணாச்சி கையை உருவிக்கொள்ளவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை.

"டயர எங்கன மாட்டட்டும், சார்?" என்று கேட்டார்.

"நீங்க சொல்லுத இடத்துல" என்றார் இவர்.

மறுநாள் வண்டியைக் கொண்டு போய் விட்டேன், புதியவை பின்னால் ஏறின. அண்ணாச்சி இப்போதும் என்னோடு பேசுகிறார், தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறார். நான் ஒன்று சொன்னால் மட்டும், அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடச் சொல்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பச்சைத் துண்டோடு காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, காட்டிக்கொள்ளாமல் சாவியைத் தேடுவது போல நின்றேன். அவர் ஏறவில்லை. வண்டியைச் சுற்றிப் பின்னால் போனார். குனிந்து, பின்டயர் ஒன்றின் வரிப்பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார், பிறகு மற்றதையும் பார்த்தார். துண்டை மடித்து விரித்து உட்கார்ந்து, போகலாம் என்றார்.

இப்போது அடுத்த சாரலும் வந்துவிட்டது. டயர்களைத் தேதி தவறாமல் இடம் மாற்றுகிறேன், நான்கும் ஒன்றுபோலத்தான் தேய்கின்றன. அதை அவரிடம் சொல்லவும் செய்கிறேன். சரி என்று கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பின்னால் போய்க் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறார். முன்பெல்லாம் அவர் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை, நான் சொன்னால் அவருக்குப் போதுமாக இருந்தது.